புள்ளி ஆறிலிருந்து புள்ளி எட்டு வரை

1948 மார்ச் 29. மெல்பர்ன் நகரின் ஓரத்தில், பண்டூராவில் இருந்த முன்னாள் படைவீரர்களுக்கான மனநல மருத்துவமனை. 51 வயது நோயாளி ஒருவருக்கு அன்று லித்தியம் சிட்ரேட் கொடுக்கத் தொடங்கினார் மருத்துவர் ஜான் கேட். மருத்துவ இதழில் அந்த நோயாளி டபிள்யூ.பி. என்ற இரண்டு எழுத்துகளாக மட்டுமே நிற்கிறார். ஐந்தாண்டுகளாக மேனியா, அதாவது கட்டுக்கடங்காத மனக்கிளர்ச்சி, தணியாதவர். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமல், கையில் கிடைத்ததை நாசமாக்கி, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டு, வார்டிலேயே பெரிய தொல்லை என்று பெயரெடுத்தவர். மூன்றே வாரத்தில் அவரைத் தேறிவருவோர் பகுதிக்கு மாற்றினார்கள். ஜூலை 9 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டியது நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து க்ரெயின் லித்தியம் கார்பனேட். இன்றைய கணக்கில் மொத்தம் சுமார் 650 மில்லிகிராம். மனிதர் தன் பழைய வேலைக்கே திரும்பினார்.

நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்ற எண்ணம் யாருக்கும் வரும். அவருக்கும் வந்தது. முதலில் அசட்டையாக இருந்தார், பிறகு அடியோடு நிறுத்தினார். 1949 ஜனவரி இறுதியில் பழைய நிலையிலேயே மருத்துவமனைக்குத் திரும்பி வந்தார். மறுபடியும் லித்தியம், மறுபடியும் தேறல். ஆனால் இம்முறை வாந்தியும் தள்ளாட்டமும் கூடவே வந்தன. நிறுத்தினால் மேனியா, கொடுத்தால் நச்சு என்று மாறி மாறி இழுபட்டு, 1950 மே மாதம் லித்தியம் நச்சேறி இறந்துபோனார்.

மருந்தைக் கண்டுபிடித்த கதையாகத்தான் இதைப் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட் ஒரு பழைய சமையலறையை ஆய்வுக்கூடமாக்கியதும், நோயாளிகளின் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி மூலம் ஏற்றியதும், யூரிக் அமிலத்தைக் கரைக்க லித்தியத்தைச் சேர்த்தபோது அந்தப் பிராணிகள் சாதுவாகிப் படுத்துக்கொண்டதும் சுவையான கதைதான். (அந்தச் சாதுத்தனமே நச்சின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகித்தார்கள்.) எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஒரே உடலில், ஒரே உப்பு, மூன்று விதமாக நடந்துகொண்டது. இல்லாதபோது நோய், அளவாக இருந்தபோது நலம், மிஞ்சியபோது மரணம். மூன்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டுக்குத் தெரியாது. மாத்திரையின் எடை மட்டும்தான் அவர் கையில் இருந்தது. தானே முதலில் விழுங்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்றதும் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அன்றைக்கு அதுவே எச்சரிக்கையான வழி.

கேட்டின் கட்டுரை ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் 1949 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பூமியின் மறுபக்கத்தில் வேறொன்று நடந்திருந்தது. இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் வலியுறுத்தி வந்தார்கள். உப்பில்லாச் சோறு யாருக்கு இறங்கும்? உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு கடைகளில் விற்பனைக்கு வந்தது. சுவை ஏறக்குறைய உப்புதான். ஜனங்கள் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள். சிலர் இறந்தார்கள், பலர் மோசமாக நோயுற்றார்கள். அரசு அந்தப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் லித்தியத்துக்கு ஏற்பட்ட கெட்ட பெயர் நீங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மேனியாவுக்கு அதை அங்கே அங்கீகரித்தது 1970இல்தான்.

இதில் ஒரு கொடுமை உண்டு. லித்தியத்தை யார் அறவே தொடக்கூடாதோ அவர்களுக்குத்தான் அது விற்கப்பட்டது. அதைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகத்துக்குள் போக வேண்டும்.

லித்தியம் மிக எளிய பொருள். தனிமவரிசையில் மூன்றாவது. கல்லீரல் அதை உடைப்பதில்லை, வேறொன்றாக மாற்றுவதில்லை. உள்ளே போவது போனபடியே சிறுநீரில் வெளியேறுகிறது. வெளியேறும் வழியில்தான் சிக்கல். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. அப்படித் திருப்பும்போது சோடியத்தையும் சேர்த்து மீட்கிறது. லித்தியம் சோடியத்தின் நெருங்கிய உறவு. சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்களின் முற்பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. வடிகட்டப்பட்ட லித்தியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சோடியத்தோடு சோடியமாக மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சோடியத்தைப் பிடிக்கும் அதே பிடியில் லித்தியமும் அகப்படும். அமெரிக்காவில் இறந்தவர்கள் உப்பை விலக்கியவர்கள். அவர்களுடைய சிறுநீரகங்கள் ஒவ்வொரு துளி சோடியத்துக்கும் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சோடியத்தின் வேடத்தில் லித்தியம் போய்ச் சேர்ந்தது.

ஏரியில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதை வாய்க்காலில் வரும் நீரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாத்திரை வாய்க்கால், சிறுநீரகம் மதகு. நோயைக் கட்டுப்படுத்துவது நீர்மட்டம். இந்த மட்டத்தை அளக்க ஒரு கருவி கிடைக்கும்வரை, ‘சரியான டோஸ்’ என்ற பேச்சுக்கே பொருளில்லை.

கருவி கிடைத்தது தீயிலிருந்து. லித்தியத்தைச் சுடரில் காட்டினால் அழுத்தமான செந்நிறத்தில் எரியும். அந்தச் செம்மையின் அளவைக் கணக்கிட்டால் எவ்வளவு லித்தியம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சுடர் ஒளிமானி என்ற இந்தக் கருவியைக் கொண்டு நோயாளிகளின் இரத்தத்தில் லித்தியத்தை அளக்கும் வேலையை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டிரௌட்னர் முன்னெடுத்தார். கேட்டின் மருத்துவமனையிலேயே லித்தியம் கைவிடப்பட்டிருந்த காலம் அது. 1951இல் மருத்துவர் நோவாக்கும் டிரௌட்னரும் நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கண்காணித்துக் கொடுத்தால் இந்த மருந்தை ஆளலாம் என்பது அவர்கள் காட்டியது. மருந்தை அறிமுகப்படுத்தியவர் கேட் என்றால், அதை உயிரோடு காப்பாற்றியவர் டிரௌட்னர் என்பேன். அவர் பெயரை மனநல மருத்துவ மாணவர்களுக்கே சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டம் டென்மார்க்கில். ஆர்ஹூஸ் நகரத்தின் ரிஸ்கோவ் மருத்துவமனையில் மோகன்ஸ் ஸ்கௌ 1954இல் வெளியிட்ட சோதனையில், யாருக்கு லித்தியம், யாருக்கு வெற்று மாத்திரை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். மனநல மருத்துவத்தில் அந்த மாதிரிச் சோதனைகளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. ஸ்கௌவின் தம்பிக்கு மீண்டும் மீண்டும் மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது. நோய் வந்தபின் அடக்குவது ஒன்று, வராமலே தடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கும் லித்தியம் உதவுகிறது என்று அவரும் மற்றொரு டென்மார்க் மருத்துவரான பவுல் கிறிஸ்டியான் பாஸ்ட்ரப்பும் சொன்னபோது, லண்டனிலிருந்து இருவர் அதை ‘சிகிச்சைக் கட்டுக்கதை’ என்ற பொருள்பட எழுதிச் சாடினார்கள். பதிலாக வந்தது 1970ஆம் ஆண்டுச் சோதனை. லித்தியத்தால் நிலைபெற்றிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, அவர்களுக்கே தெரியாமல், வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதங்களுக்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது. லித்தியம் தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இன்றைய நெறிக்குழு எதுவும் அந்தச் சோதனைக்கு எளிதில் ஒப்புதல் தராது.

அதே ரிஸ்கோவில் அம்டி அம்டிசன் என்பவர் பெரிய பரபரப்பில்லாத ஒரு காரியம் செய்தார். எப்போது இரத்தம் எடுப்பது என்பதை ஒழுங்குபடுத்தினார். மாத்திரை விழுங்கிய இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் ஓர் எண் வரும், பத்து மணி நேரம் கழித்து எடுத்தால் வேறோர் எண் வரும். ஆர்ஹூஸில் எடுத்ததையும் வேறோர் ஊரில் எடுத்ததையும் ஒப்பிட வேண்டுமானால் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து என்ற விதி அப்படித்தான் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை, காலை ஒன்பது மணிக்கு லேப். காலை மாத்திரை இருந்தால் இரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். காலையிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போய், ஏறிவந்த எண்ணைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாமல் டோஸ் குறைக்கப்படுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. லித்தியம் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஒரு நாள் ஆகும், சிலருக்கு ஒன்றரை நாள். அதனால் டோஸை மாற்றினால் புதிய மட்டம் நிலைபெற ஐந்து நாளுக்கு மேல் பிடிக்கும். திங்கட்கிழமை ஒரு மாத்திரை கூட்டிவிட்டு புதன்கிழமை சோதிப்பது வீண். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, மட்டம் நின்றபின் முதலாண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அளப்பது இதனால்தான். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் சோதனைகளும்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். மருந்தைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல். கடும் மேனியாவில் 1.0 வரை, சில இடங்களில் அதற்குச் சற்று மேலும் போவார்கள். முதியவர்களுக்கு 0.4 முதல் 0.6 போதும் என்பார்கள். 1.5ஐத் தாண்டினால் நச்சின் எல்லை, 2.0க்கு மேல் உயிருக்கு ஆபத்து. நம் ஊர் லேப் அறிக்கையில் அலகு மில்லி ஈக்விவலன்ட் என்று இருக்கும். லித்தியத்துக்கு இரண்டும் ஒன்றே. எடையாகச் சொன்னால் 0.6 என்பது லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் சொச்சம். நலத்துக்கும் நச்சுக்கும் நடுவே இருப்பது சில மில்லிகிராம். மருந்துக்கடையில் கிடைக்கும் பொருள்களில் இவ்வளவு நெருக்கத்தில் இரு கரைகளையும் வைத்திருப்பவை அதிகமில்லை. இந்த எண்களைப் படித்துவிட்டு யாரும் தானாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இந்த எண்களும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1970களில் மேல்கரை இன்னும் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை ‘அன் அன்குவயட் மைண்ட்’ என்ற தன்வரலாற்றில் கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன் எழுதியிருக்கிறார். 1995இல் வந்த நூல். அவர் மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோயை ஆராயும் உளவியலாளர், மனநல மருத்துவத் துறைப் பேராசிரியர், அதே நோய் உள்ளவர். லித்தியம் தன்னைக் காப்பாற்றியது என்று சொல்லும் அவரே, பத்தாண்டுகளுக்கு மேல் ஒரு கனமான புத்தகத்தை ஒழுங்காகப் படிக்க முடியாமல் போனதையும் சொல்கிறார். வரிகள் மனதில் நிற்கவில்லை, கண் மங்கியது, கால் தடுமாறியது. பிற்பாடு டோஸ் குறைக்கப்பட்டபோதுதான் தெளிவு திரும்பியது. படிப்பே வாழ்க்கையாக இருப்பவருக்குப் ‘பக்கவிளைவு’ என்ற சொல் எவ்வளவு சிறியது! நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றதும் ஒத்துழைக்காதவர் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது சுலபம். மட்டம் அவருக்கு அதிகமாக இருந்ததா என்று முதலில் கேட்பதே முறை.

மேல்கரை இறங்கியதற்குச் சிறுநீரகமும் ஒரு காரணம். நீண்ட காலம் லித்தியம் எடுத்தவர்களின் சிறுநீரகத் திசுவில் வடுக்கள் இருப்பதை 1977இல் டென்மார்க் மருத்துவர்கள் அறிவித்தார்கள். பயம் பரவியது. எவ்வளவு குறைக்கலாம் என்ற கேள்வி உடனே எழுந்தது.

அமெரிக்காவில் ஆலன் கெலன்பர்க்கும் கூட்டாளிகளும் 94 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டம் 0.8 முதல் 1.0, மறு பிரிவுக்கு 0.4 முதல் 0.6. 1989இல் வந்த முடிவு பளிச்சென்று இருந்தது. உயர்ந்த மட்டத்தில் 13 சதவீதத்தினருக்கும் தாழ்ந்த மட்டத்தில் 38 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. பக்கவிளைவு உயர்ந்த மட்டத்தில் அதிகம்தான், ஆனால் பாதுகாப்பும் அங்கேதான். மருத்துவர்கள் மறுபடி டோஸை ஏற்றினார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் எளிது. 2002இல் ராய் பெர்லிஸ் உள்ளிட்ட சிலர் அதே தரவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். சோதனையில் சேருமுன் ஒவ்வொருவரும் எந்த மட்டத்தில் இருந்தார்கள் என்று கேட்டார்கள். தாழ்ந்த பிரிவில் விழுந்தவர்களில் பலர் அதுவரை உயர்ந்த மட்டத்தில் இருந்தவர்கள். சோதனைக்காக அவர்களைச் சட்டென்று கீழே இறக்கியிருந்தார்கள். நோய் திரும்பியதற்கு அந்தத் திடீர் இறக்கம் பெரிய காரணம் என்று தெரிந்தது. முன்பே தாழ்ந்த மட்டத்தில் நிலைத்திருந்தவர்களின் கதை அவ்வளவு மோசமில்லை. அதாவது மூளை எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, எண் எவ்வளவு வேகமாக மாறியது என்பதையும் பார்க்கிறது. இருமுனை நோய் மருந்தியலில் எனக்குப் பிடித்த ஆய்வுக்கட்டுரை எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். புதிதாக ஒரு நோயாளியையும் சேர்க்காமல், பழைய பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்பதையே மாற்றிவிட்டது. லித்தியத்தை நிறுத்துவதானால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும் என்ற இன்றைய வழிகாட்டலும் இந்த வகை அனுபவங்களிலிருந்து வந்ததே.

மட்டம் சரியான இடத்தில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிற்குமா? கத்திரி வெயிலில் நாள் முழுக்க வயலிலோ கட்டட வேலையிலோ வியர்த்தால் உப்பும் நீரும் போகும், மதகு இறுகும். இரண்டு நாள் வாந்திபேதி வந்தாலும் அப்படித்தான். டாக்டரை உடனே கேட்க வேண்டிய சமயம் அது, பெரும்பாலும் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார். பிபி வந்துவிட்டது, இனி ஊறுகாய் அப்பளம் வேண்டாம் என்று வீட்டில் ஒரேயடியாக உப்பை நிறுத்தினாலும் மட்டம் ஏறும். மேனியா இருக்கும்போது உடல் அதிக லித்தியத்தைத் தாங்கிக்கொள்ளும். மேனியா தணிந்ததும் அதே டோஸில் எண் உயரலாம்.

மற்ற மாத்திரைகள் தனிக்கதை. முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டுமே லித்தியத்தை உள்ளே தேக்கும். பாராசிட்டமால் பரவாயில்லை. இரத்தக் கொதிப்புக்கு நம்மூரில் சர்வசாதாரணமாக எழுதப்படும் டெல்மிசார்டன்-எச் என்ற கூட்டு மாத்திரையில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. டெல்மிசார்டன் ஒன்று, ஹைட்ரோகுளோரோதயசைடு மற்றொன்று. இரண்டும் தனித்தனியாகவே லித்தியம் மட்டத்தை ஏற்றக்கூடியவை. பிபி டாக்டருக்கு மனநல மாத்திரை பற்றித் தெரியாது, ஏனென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்லவில்லை. இப்படி வரும் நச்சு மெதுவாக வரும். விரல்களில் மெல்லிய நடுக்கம் லித்தியம் எடுக்கும் பலருக்கும் உண்டு, அதைக் கண்டு பதற வேண்டாம். நடுக்கம் பெரிதாகி, டம்ளர் பிடிக்க முடியாமல், நாக்குக் குழறி, நடை தள்ளாடி, வயிறும் கெட்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கே எண்ணை நம்பி ஏமாறவும் கூடாது. லித்தியம் மூளைக்குள் மெதுவாகப் போகிறது, மெதுவாக வெளியேறுகிறது. பல வாரமாகச் சிறுகச் சிறுக ஏறியவருக்கு இரத்தத்தில் 1.5கூட இல்லாமல் நச்சின் அறிகுறிகள் தெரியலாம்.

எல்லா இருமுனை நோய் மருந்துகளுக்கும் இரத்த மட்டத்தைப் பார்க்கும் இந்த விதி இல்லை. லாமோட்ரிஜினில் இரத்த மட்டத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, பார்ப்பது வேகத்தை. இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, பிறகு 100, ஆறாவது வாரத்தில்தான் 200. அவசரப்பட்டால் உயிரைக் குடிக்கும் தோல் நோயான ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வரும் வாய்ப்பு கூடுகிறது. வேறொரு இருமுனை நோய் மருந்தான வால்புரோயேட் கூட இருந்தால் வேகம் பாதி, கார்பமாசெபின் கூட இருந்தால் இரட்டிப்பு. ஐந்து நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பெரும்பாலும் மறுபடி 25இலிருந்து. குவெட்டியபின் வேறு மாதிரி. இருமுனை மனச்சோர்வுக்கு 300 மில்லிகிராமையும் 600ஐயும் ஒப்பிட்டு 2005இல் வந்த சோதனையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. இரட்டிப்பாக விழுங்கிக் கிடைத்தது கூடுதல் பக்கவிளைவுதான்.

லித்தியத்துக்குத் திரும்பினால், உடல் மாறும் காலங்கள் இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்யும். நடு மாதங்களில் மட்டம் மூன்றில் ஒரு பங்கு வரை சரியலாம், டோஸை ஏற்ற வேண்டிவரும். குழந்தை பிறந்ததும் சிறுநீரகம் பழைய வேகத்துக்கு வந்துவிடும், ஏற்றிய டோஸ் அப்படியே இருந்தால் நச்சு. நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகமாக இருப்பதும் அதே பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில்தான். அப்போது அடிக்கடி அளக்காமல் யாராலும் சரியான டோஸ் சொல்ல முடியாது.

முதுமை இதற்கு எதிர்த்திசை. 35 வயதில் 900 மில்லிகிராம் எடுத்து 0.7இல் நின்றவர், 70 வயதில் அதே மாத்திரைகளோடு 1.1இல் நிற்கலாம். அவர் எதையும் மாற்றவில்லை, சிறுநீரகம் மாறிவிட்டது. இருபது முப்பது ஆண்டுகள் எடுத்தவர்களில் சிலருக்குக் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும், அப்போது முடிவெடுப்பது உண்மையிலேயே கடினம். சிலர் 0.5க்குப் பக்கத்தில் இறங்கித் தொடர்கிறார்கள். சிலர் மாதக்கணக்கில் இறக்கி வால்புரோயேட்டுக்கு மாறுகிறார்கள். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010இல் முடிவு வெளியிட்ட சோதனையில், நோய் திரும்பாமல் காப்பதில் தனி வால்புரோயேட்டைவிட லித்தியமே மேலாக நின்றது. மாறியபின் மேனியா திரும்பிப் பழைய மருந்துக்கே வருபவர்களும் உண்டு. அவர்களுடைய லேப் அறிக்கையை மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். சில சமயம் இருவரும் வேறு வேறு எண் சொல்கிறார்கள்.